புத்தகத்தில் அவள் பெயர் செல்வி

மேடையில் ராஜ்கமல் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தபோது, முன்வரிசைப் பெண்கள் பலரும் சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்றிருந்த அருள்செல்வனுக்கு மனசு நிறைந்துவிட்டது. எந்த வரியில் குரல் கம்ம வேண்டும், கண்ணாடியை எப்போது கழற்ற வேண்டும் என்று ஒரு வாரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவன் அவன்தான்.

பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலை. தேர்தலுக்கு ஐந்து வாரம் இருந்தது. பனியன் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போயின. வேட்பாளர் ராஜ்கமலின் தன்வரலாறு, 'தங்கைக்குக் கொடுத்த வாக்கு', அன்றைக்கு வெளியானது. அட்டையில் ராஜ்கமலின் பெயர் இருந்தது. உள்ளே இருந்த ஒவ்வொரு வரியும் அருள்செல்வனுடையது.

அருள்செல்வன் சோமனூர்க்காரன். அப்பா கூலிக்குத் தறி ஓட்டியவர், பத்து வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார். கோயமுத்தூரில் கல்லூரி முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தான். சரக்கு போய்ச் சேரத் தாமதமானால், அதை வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு மெயில் எழுதுவது அவன் வேலை. மற்றவர்கள் மன்னிப்புக் கேட்டு எழுதுவார்கள். அவன் எழுதினால், தாமதம் ஆனதே நல்லதுதான் என்று பையர் நினைத்துக்கொள்வார். அந்த எழுத்துத் திறமை முதலாளியின் மைத்துனர் கவுன்சிலருக்கு நின்றபோது நோட்டீஸ் எழுதப் பயன்பட்டது. அவர் ஜெயித்தார். அப்புறம் ஒரு எம்.எல்.ஏ., அப்புறம் ஒரு மந்திரி, அப்புறம் சென்னையில் ஒரு அலுவலகம் என்று பதினாறு வருஷம் ஓடிவிட்டது. நல்லவர்களுக்கும் எழுதினான், மற்றவர்களுக்கும் எழுதினான். தேர்தல் பேச்சைப் பற்றி அவன் எழுதிய புத்தகம் மூன்று பதிப்பு கண்டிருந்தது. கட்சிக்காரர்கள் அதன் ஏழாவது அத்தியாயத்தை மட்டும் நகலெடுத்துச் சுற்றுக்கு விட்டார்கள். எதிராளி நாளைக்கு உன்மேல் என்ன சொல்லப்போகிறானோ அதை இன்றைக்கே நீ சொல்லிவிடு, உன் வார்த்தையில், உன் கண்ணீரோடு. அப்புறம் அவன் சொன்னால் அது பழைய செய்தி. அத்தியாயம் மொத்தமும் இவ்வளவுதான்.

ராஜ்கமலுக்கு வேலை செய்ய வந்தபோது வேறு ஒரு சிக்கல் இருந்தது. பத்து நாள் பேச்சைப் பதிவு செய்தும் அந்த மனிதரின் வாழ்க்கையில் ஒரு காயம்கூடக் கிடைக்கவில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளை, பணக்கார வீட்டு மாப்பிள்ளை. ஊரில் எல்லோருக்கும் அவர் முதலாளி. முதலாளிக்காக யார் அழுவார்கள்?

அப்போதுதான் அருள்செல்வன் சண்முகப்பிரியாவை எழுதினான்.

அவள் அவனுடைய தங்கை. பதினேழு வயதில், தாராபுரம் ரோட்டில் அவிநாசிபாளையத்துக்கு அப்பால் இருந்த ஒரு நூல் மில்லுக்கு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வேலைக்குப் போனாள். ஹாஸ்டலில் தங்கி வேலை. ஏழாம் மாதம் காய்ச்சலில் செத்துப்போனாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது, வார்டன் அம்மா மடியில்தான் போனது என்று மில்லிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். இருபது வருஷத்தில் அருள்செல்வன் அவளைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. எழுத உட்கார்ந்த அன்று ஒரே மூச்சில் பதினாலு பக்கம் வந்துவிட்டது. பெயரைச் செல்வி என்று மாற்றினான். ராஜ்கமலின் பக்கத்து வீட்டுப் பெண் என்றும், அவரை அண்ணா என்று கூப்பிட்டு வளர்ந்தவள் என்றும் வைத்தான். அவளுடைய சாவுதான் அவரை அரசியலுக்குக் கொண்டுவந்தது என்று முடித்தான். இப்படியாவது நாலு பேருக்கு அவளைத் தெரியட்டுமே என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டான்.

ராஜ்கமல் அந்தப் பக்கங்களை முழுதும் படித்தார். காகிதத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"இதை வெச்சுக்கலாமுங்க" என்றார் கடைசியில்.

மனுஷன் உருகிவிட்டார் என்று அருள்செல்வன் நினைத்துக்கொண்டான்.

இப்போது மேடையில் அந்தப் பகுதியைத்தான் ராஜ்கமல் பேசிக்கொண்டிருந்தார். "செல்வி அன்னைக்கு ஒரு பஞ்சு மூட்டை மேல தலைய வெச்சுப் படுத்திருந்தாளுங்க. மூச்சு வாங்குது. கண்ணு மட்டும் தெறந்திருக்குது…"

புத்தகத்தில் பஞ்சு மூட்டை கிடையாது. ஹாஸ்டல் இரும்புக் கட்டில் என்றுதான் அருள்செல்வன் எழுதியிருந்தான். சொந்தமாகச் சேர்த்துப் பேசுகிறார், பரவாயில்லையே என்று வியந்தான். கட்டிலைவிட மூட்டை நன்றாகத்தான் இருக்கிறது, அடுத்த பதிப்பில் மாற்றிவிட வேண்டும் என்றும் நினைத்தான்.

விழா முடிந்து எல்லோரும் சாப்பாட்டுப் பந்திக்கு நகர்ந்தார்கள். வாசலில் புத்தகம் அடுக்கியிருந்த மேஜையருகே ஒரு பெண் மட்டும் நின்றபடியே படித்துக்கொண்டிருந்தாள். முப்பத்து மூன்று, முப்பத்து நாலு வயதிருக்கும். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. படித்த பக்கத்தையே திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தாள். இது நல்ல காட்சி என்று அருள்செல்வன் வீடியோ எடுப்பவரைக் கையசைத்துக் கூப்பிட்டான்.

"படிச்சீங்களா? எப்படி இருக்குதுங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

அவள் நிமிர்ந்தாள். "இது சண்முகப்பிரியா அக்கா கதைல்லா?" என்றாள்.

அந்தப் பெயர் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. கேமராவை அணைக்கச் சொல்லிவிட்டு அவளை மண்டபத்தின் ஓரத்துக்கு அழைத்துப் போனான்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேர மாத்திட்டா தெரியாதாண்ணே? நூல் கோன்ல ஒட்டுற ஸ்டிக்கர் இருக்கும்லா, அதுக்குப் பின்னால இங்கிலீஷ் வார்த்தை எழுதிப் படிக்கும்னு போட்டிருக்கே. அது அக்காதான். எனக்கும் சொல்லிக்குடுத்துச்சு. அவங்க அண்ணன் காலேஜ்ல இருந்து லெட்டர்ல எழுதி அனுப்புவாவளாம்."

அவள் பெயர் முத்துப்பேச்சி. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். இப்போது பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். கம்பெனி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அந்த நூல் மில்லுக்கு அவள் வந்தபோது வயது பதிமூன்று. மில் ரிஜிஸ்டரில் பதினெட்டு.

"பையர் ஆடிட்டுன்னு மில்லச் சோதிச்சுப் பாக்க வெளிநாட்டுக்காரங்க வருவாவ. அன்னைக்கு எங்கள மாதிரிச் சின்னப் பிள்ளைகள, சொகமில்லாதவங்கள எல்லாம் பின்னால இருக்க பஞ்சு குடோன்ல வச்சுப் பூட்டிருவாவ. சத்தம் போடக் கூடாது. அன்னைக்குப் பதினோரு பேரு. அக்காவுக்கு மூணு நாளாக் காய்ச்சல். நிக்க முடியல. நானும் இன்னொரு பிள்ளையும் தாங்கலாக் கூட்டிட்டுப் போனோம்."

"அப்புறம்?" என்றான் அருள்செல்வன்.

"மத்தியானத்துக்கு மேல மூச்சு விட முடியல அதுக்கு. கதவத் தட்டுனோம். வார்டன் வந்து பாத்துட்டு, சின்ன முதலாளியக் கூட்டிட்டு வந்தாவ. அவரு கதவத் தொறந்து பாத்தாரு. எல்லாத்தையும் பாத்தாருண்ணே. 'அவங்க சாப்ட்டுட்டுக் கெளம்பட்டும், ரெண்டு மணி நேரத்துல வண்டி தாரேன்'னு சொல்லிட்டுத் திரும்பவும் தாழ் போட்டுட்டாரு. கதவு தொறக்கையில பொழுது அடைஞ்சிருந்துச்சு. அக்கா அதுக்கு முன்னாலயே போயிட்டு."

"வண்டியில போகும்போது இல்லையா? வார்டன் மடியில…"

"வார்டன் எங்கண்ணே வந்தாவ? பஞ்சு மூட்டை மேல தல வச்சுப் படுக்க வச்சது நான். கண்ண மூடிவிட்டது நான்." அவள் மேடைப் பக்கம் கையைக் காட்டினாள். காலியான மேடையில் ராஜ்கமலின் ஆளுயரப் படம் கைகூப்பிக்கொண்டிருந்தது. "அந்தச் சின்ன முதலாளிதாம்ணே இப்பம் மேடையில அழுதாரு."

பஞ்சு மூட்டை. அருள்செல்வன் எழுதாத, மேடையில் ராஜ்கமல் சேர்த்துச் சொன்ன மூட்டை. மில்லின் பெயர் அவனுக்குத் தெரியும். முதலாளி யார் என்று அன்றைக்கு அவர்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. ராஜ்கமலின் சொத்து விவரங்களை அவனுடைய ஆட்கள் அலசியிருந்தார்கள். ஆனால் அந்த மில் மாமனார் பெயரில் இருந்தது, மூடிப் பதினைந்து வருஷம் ஆகிறது. பட்டியலில் வரவே இல்லை.

"நான்தான் அந்த அண்ணன்" என்றான்.

முத்துப்பேச்சி ஒரு அடி பின்னால் போனாள். அவனுடைய வெள்ளைச் சட்டையையும் விழாக்குழு அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காலேஜ் படிச்ச அண்ணனா? நீங்களா எழுதினிய? தெரிஞ்சேவா அந்தாளுக்குக் குடுத்திய?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தான். சொல்லாமல் ராஜ்கமலைத் தேடி நடந்தான்.

மண்டபத்தின் மணமகன் அறையில் ராஜ்கமல் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார். அருள்செல்வன் உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினான். ராஜ்கமல் இளநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகம் மலர எழுந்தார்.

"வாங்க வாங்க. பஞ்சு மூட்டை எப்படி இருந்துதுங்க? உங்களக் கேக்காம சேத்துட்டேன். கோவிச்சுக்கலையே?"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னங்க நீங்க, ஒண்ணும் தெரியாதவராட்டம் கேக்கறீங்க?" ராஜ்கமல் சிரித்தார். "உங்க ஏழாவது அத்தியாயந்தானுங்களே அது. அந்த மில் சமாச்சாரத்தை எவனாவது தோண்டி எடுத்துருவான்னு ரெண்டு வருசமா எனக்குத் தூக்கமே இல்லீங்க. நான் வாயே தொறக்கல. நீங்களாக் கண்டுபுடிச்சு, எவனும் எடுக்கறதுக்கு முன்னாடி அதை நம்ம கதையா எழுதிக் கையில குடுத்தீங்க பாருங்க! படிச்ச அன்னைக்கே எங்க ஊட்டுல சொன்னேனுங்க, இந்த மனுசன் லேசுப்பட்டவரில்லைன்னு."

அருள்செல்வன் மேஜையருகே வந்தான்.

"அவ என் தங்கச்சிங்க."

ராஜ்கமலின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. அது பாதியில் மாட்டிக்கொண்ட மாதிரி முகத்தில் நின்றது. அப்புறம் மெல்ல நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"சத்தியமாத் தெரியாதுங்க."

"கதவைச் சாத்தினது நீங்கதானா?"

"இருபத்தேழு வயசுங்க எனக்கு. மாமனார் மொத தடவையா பொறுப்ப ஒப்படைச்சிருந்தாரு. பையர் டைனிங் ஹால்ல இருக்காங்க. ரெண்டு மணி நேரத்துல என்ன ஆயிடப்போகுதுன்னு…" முடிக்காமல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில், ஒவ்வொரு காலையும் அருள்செல்வனிடம் ஆலோசனை கேட்கும்போது இருக்கும் அதே கவனம் வந்திருந்தது.

"சரிங்க. இப்ப என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க."

அருள்செல்வனை உலுக்கியது அந்தக் கேள்விகூட இல்லை. அது காதில் விழுந்த அதே நொடியில் அவன் மூளைக்குள் பதில் தயாராகிவிட்டது. இறந்த பெண்ணின் குடும்பத்தை மேடைக்கு அழைத்து வா. மன்னிப்புக் கேள், தவறு வார்டனுடையது என்று சொல். அவள் பெயரில் ஒரு ஆம்புலன்ஸ் விடு. மூன்றும் வரிசையாக, அச்சடித்த மாதிரி வந்து நின்றன. தன் தலைக்குள் இப்படியொரு யந்திரம் கேட்பாரில்லாமல் ஓடிக்கொண்டிருப்பதை அன்றுதான் அவன் பார்த்தான். கழுத்திலிருந்த விழாக்குழு அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

மறுநாள் காலை முத்துப்பேச்சியைக் கூட்டிக்கொண்டு சோமனூர் போனான். அம்மா மருதம்மாள் அவர்களை உள்ளே உட்கார வைத்தாள். அக்கம்பக்கத்துத் தறிச் சத்தத்தில் கொஞ்சம் உரக்கவே பேச வேண்டியிருந்தது. முத்துப்பேச்சி எல்லாவற்றையும் சொன்னாள். முடித்த பிறகு மருதம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தண்ணி கேட்டாளா கண்ணு?"

"கேட்டுச்சும்மா. உள்ள ஒரு கொடம் வச்சிருந்தாவ. நாந்தான் குடுத்தேன். ரெண்டு வாட்டி குடிச்சுச்சு."

மருதம்மாள் முத்துப்பேச்சியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். புத்தகத்தைப் பற்றி அருள்செல்வன் சொல்லத் தொடங்கியதும் அவன் பக்கம் திரும்பினாள். அவன் எதையும் மறைக்கவில்லை. செல்வி என்ற பெயரையும், மேடையில் ராஜ்கமல் விட்ட கண்ணீரையும் சொன்னான்.

"எழுதிக் குடுக்கறதுக்கு உனக்கு வேற ஆளே கெடைக்கலையா சாமி?" என்று கேட்டாள் மருதம்மாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள். அதற்கப்புறம் பல நாள் அவனிடம் பேசவில்லை.

அந்த வாரமே அருள்செல்வன் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டான். நடந்ததை நடந்தபடி சொன்னான். பேசி முடித்ததும் முதல் வரிசையிலிருந்த ஒரு நிருபர் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: "இப்ப எந்தக் கட்சிக்கு வேலை பாக்கறீங்க சார்?"

யாருக்கும் இல்லை என்றான். அறையில் ஒரு சிரிப்பு எழுந்தது. அவர்களைக் குறை சொல்ல அவனுக்கு வழியில்லை. பதினாறு வருஷமாக இதே மாதிரி அறைகளில், இதே மாதிரி அழுத முகங்களை அவனே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். சாயங்காலமே ராஜ்கமல் ஒரு வீடியோ வெளியிட்டார். அந்தப் பெண்ணின் கதையை ஊருக்கு முதலில் சொன்னதே நான்தான், மறைக்க நினைத்திருந்தால் புத்தகத்தில் எழுதுவேனா, விலைபோன ஒரு மனிதர் என் துக்கத்தையே எனக்கு எதிராகத் திருப்புகிறார் என்று பேசினார். குரல் சரியான இடத்தில் கம்மியது.

ராஜ்கமல் ஜெயித்தார். முத்துப்பேச்சியை வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். செக்கிங் தெரிந்தவர்களுக்குத் திருப்பூரில் வேலைக்குப் பஞ்சமில்லை என்று அவள் சட்டை செய்யாமல் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். ஆனால் அன்றைக்குக் குடோனில் இருந்த மற்றவர்களைத் தேடுவதை விடவில்லை. ஊர் ஊராகப் போன் போட்டாள். பதினோரு பேரில் நாலு பேர் கிடைத்தார்கள்.

புகார் மனு எழுத அருள்செல்வன் உட்கார்ந்தான். முத்துப்பேச்சியின் வாக்குமூலத்தை அவள் வாயால் கேட்டு இரண்டு பக்கம் எழுதி, அவளுக்கே படித்துக் காட்டினான்.

"'இருள் சூழ்ந்த அந்தக் குடோனில்'னு போட்டிருக்கியளே, அது எதுக்கு?" என்றாள் அவள். "இருட்டெல்லாம் இல்லண்ணே. மேல கண்ணாடி ஓடு உண்டு. நல்ல வெளிச்சம். அக்கா மொகம் எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு."

அவன் அந்த வார்த்தைகளை அடித்தான்.

"'கதறினோம்'னு வேற இருக்கு. கதறல. சத்தம் போட்டா அடி விழும்னு உள்ளங்கையால மெல்லத் தட்டுனோம்."

அதையும் அடித்தான். இரண்டு பக்கம் முக்கால் பக்கமாகச் சுருங்கியது. அந்த முக்கால் பக்கத்தைத் திரும்பப் படித்தபோது அருள்செல்வனால் கடைசி வரிவரை போக முடியவில்லை. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். பேனாவை வாங்கி முத்துப்பேச்சி கையெழுத்துப் போட்டாள்.

மனு மூன்று அலுவலகம் அலைந்து ஒருவழியாகக் கோட்டாட்சியர் விசாரணைக்கு வந்தது. ஆடி மாதத்துக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், முத்துப்பேச்சியும், அவள் தேடிப்பிடித்த நாலு பெண்களும், மருதம்மாளும் அலுவலக வராந்தாவில் காத்திருந்தார்கள். விளாத்திகுளத்திலிருந்து ஒருத்தி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். ஒவ்வொருவராக உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். அதிகாரி கேட்டார், எழுதிக்கொண்டார், மில்லின் பழைய ரிஜிஸ்டர் கிடைக்கிறதா பார்க்கச் சொல்லியிருப்பதாகவும் அடுத்த தேதியைக் கடிதத்தில் தெரிவிப்பதாகவும் சொன்னார். எம்.எல்.ஏ.வுக்குச் சம்மன் போகுமா என்று கேட்டதற்குப் பார்க்கலாம் என்றார்.

அருள்செல்வன் உள்ளே போகவில்லை. அவன் சாட்சி இல்லை. கல்லூரியில் உட்கார்ந்து லெட்டர் எழுதிக்கொண்டிருந்தவன் எதற்குச் சாட்சி சொல்வது? வராந்தாவின் கோடியில், பெண்களின் பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சென்னை அலுவலகத்தை அவன் காலி செய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஏழாவது அத்தியாயத்தைப் பாராட்டி ஒரு கட்சியின் இளைஞரணியிலிருந்து வந்த அழைப்பு போனில் அப்படியே கிடந்தது.

மதியம் மருதம்மாள் தூக்குப் போசியைத் திறந்தாள். விடிகாலையில் எழுந்து கிளறிய எலுமிச்சைச் சாதம். வாழையிலைத் துண்டில் வைத்து எல்லோருக்கும் கொடுத்தாள். கைக்குழந்தைக்காரியை முதலில் சாப்பிடச் சொல்லிக் குழந்தையை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். "உம்பட பேரென்ன கண்ணு, நீ எந்தப் பக்கத்துல உக்காந்திருந்த அன்னைக்கு? அவ உன்னோட பேசுனாளா?" என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்கள். சண்முகப்பிரியா வார்டனைப் போல நடந்து காட்டுவாள் என்று ஒருத்தி சொன்னபோது எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மருதம்மாளும் சிரித்தாள்.

கடைசியில் போசியின் அடியில் ஒரு கரண்டி சாதம் மிஞ்சியது. மருதம்மாள் அதை இலையில் எடுத்து வைத்தாள். மகனை ஏறெடுத்துப் பார்க்காமல் இலையை மட்டும் அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நீயும் தின்னு" என்றாள்.